வில்லை இல்லாத ஆள்

கதவைத் தாழ் போட்டாயிற்றா? சரி, நெருங்கி உட்காருங்கள். பயந்தாங்கொள்ளிகள் நடுவில் வரலாம். இது என்னோடு படித்தவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. கேட்டுவிட்டு, தனியாக எழுந்து போக முடியவில்லை என்று ராத்திரி என்னை யாரும் எழுப்பக் கூடாது.

பொழுது சாய்ந்து, எதிரே நிற்பவர் முகம் தெரியாத நேரம். ஒரு தீவு. காட்டுக்குள்ளிருந்து படகுத்துறைக்கு வரும் ஒற்றைப் பாதை... அதில் ஈ காக்கை இல்லை. துறையில் கடைசிப் படகு நிற்கிறது. அதில் ஏறிவிட்டு, மறுபடி இறங்கி நிற்கிறாரே, அவர்தான் சித்தப்பா. ஏன் இறங்கினார்? அதற்குத்தான் வருகிறேன்.

அந்தத் தீவு மொத்தமும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் விட்டுவிட்ட இடம். முன்கூட்டியே பெர்மிட் வாங்கினால்தான் மனிதர் கால் வைக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்றால் இத்தனை பேர்தான். தீப்பெட்டி கூடாது, சத்தம் கூடாது, இரவில் தங்கவே கூடாது. சித்தப்பாவுக்கு அங்கே காவல் வேலை; காலைப் படகில் கூடவே போய், பெர்மிட்டைப் பார்த்து ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுப்பார். மாலையில் மணி அடிப்பார். எல்லாரும் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகேறுவார்கள். துறையில் மாட்டியிருக்கும் பலகையில் எல்லா ஆணியிலும் வில்லை தொங்கினால் தீவில் ஆள் இல்லை என்று அர்த்தம். தலையை யாரும் எண்ணுவதில்லை.

சித்திக்கு ஒரே தம்பி. அவர்கள் வீட்டிலேயேதான் இருந்தான். கேமராவும் கையுமாக அலைகிறவன். பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவம் முடிவதற்குள் தீவின் மறுகரைக்குப் போயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெர்மிட் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. முடியாது என்றால் முடியாது, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சித்தியின் முன்னால் சித்தப்பா பெரிய நியாயஸ்தராகப் பேசினார். பிறகு பையன் முகம் வாடிப்போனதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை கூட்டத்தோடு கூட்டமாகப் படகில் ஏற்றிவிட்டார். தீவில் இறங்கியதும் அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"உனக்கு வில்லை தர முடியாதுடா, கணக்கு இடிக்கும். சாயங்காலம் மணி அடிச்சதும் நீயா வந்து ஏறிடு. அக்காகிட்டகூட மூச்சு விடாதே."

"சரி அத்தான்" என்றான். சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வில்லையை வீசாத குறையாகக் கொடுத்துவிட்டுப் படகுக்கு ஓடினார்கள். சித்தப்பா பலகையைப் பார்த்தார். ஓர் ஆணிகூடக் காலியில்லை. பழகிய கண் அல்லவா... நிம்மதியாகப் போய் ஏறிக்கொண்டார்.

வீட்டில் தலையைத் துவட்டும்போது சித்தி கேட்டாள், தம்பியை இன்னும் காணோமே என்று. துண்டு அப்படியே தலையில் நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் ரோந்துப் படகு போயிருக்கும். ஆனால் பெர்மிட் இல்லாதவன் எப்படி உள்ளே போனான் என்று கேட்பார்களே. வேலை போய்விடுமே. சிநேகிதன் வீட்டில் தங்கியிருப்பான் என்று சொல்லிவிட்டார். ஒரு ராத்திரிதானே, சமாளித்துக்கொள்வான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

வீடு கரையை ஒட்டித்தான். மழை விட்டு ஊர் அடங்கிய பிறகு... டண். கொஞ்சம் இடைவெளி. டண்... தீவின் மணி. சித்தப்பா எழுந்தார். சட்டையை மாட்டினார். பித்தானைக்கூடப் போட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். என்ன சத்தம் என்று சித்தி தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

"காத்துல ஆடுது. நீ தூங்கு."

வெளியே ஓர் இலை அசையவில்லை. விடியும் தறுவாயில் மணி நின்றது.

காலையில் மணிக் கம்பத்தடியில் கிடந்தான். மறுகரைப் பாறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, தவழ்ந்தே அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். உடம்பு இன்னும் முழுதாகச் சில்லிடவில்லை என்றார் படகுக்காரர். அந்த ஒரு வார்த்தை சித்தப்பாவைக் கொன்றுபோட்டது.

விசாரணையில், அனுமதியில்லாமல் திருட்டுத்தனமாக நுழைந்தவன் என்று முடித்தார்கள். கூட்டத்தில் யார் முகத்தைப் பார்த்தோம் என்றுவிட்டார் படகுக்காரர். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க அவ்வளவு சொல்லியும் கேக்கலியே. உங்க வேலைக்கே உலை வைக்கப் பாத்தான். அவனை மன்னிச்சிடுங்க."

மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார். அதன் பிறகு அந்த மனிதர் தூங்கியதே இல்லை.

கொஞ்ச நாள் மூடிக் கிடந்த தீவைத் திரும்பத் திறந்தார்கள். புது விதி ஒன்று. வில்லையோடு தலையையும் எண்ண வேண்டும். கணக்கு ஒத்துப்போகாமல் படகை எடுக்கக் கூடாது. திறந்த அன்று மாலை பலகையில் எல்லா வில்லையும் தொங்கியது. படகுக்காரர் தலையை எண்ணினார். ஒன்று கூடியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார். ஒன்று கூடியது. டார்ச்சை முகம் முகமாக அடித்துக்கொண்டே போனார். படகின் கடைசி இருக்கைப் பலகையில் யாருமே உட்காரவில்லை... ஆனால் அதன் முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஈரப்பாசி வாடை. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

இருட்டிக்கொண்டே வந்தது. சனங்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். சித்தப்பா மட்டும் கடைசிப் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக எழுந்து துறையில் இறங்கினார்.

"இப்ப எண்ணிப் பாருங்க."

படகுக்காரர் எண்ணினார். சரியாக இருந்தது. ராத்திரி இங்கே தங்கக் கூடாதே சார் என்று இழுத்தார். சித்தப்பா கடைசிப் பலகையைப் பார்த்து, "வீட்டுக்குப் போடா" என்றார். படகு போய்விட்டது.

ராத்திரி முழுக்க மணிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வரட்டும், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று காத்திருந்தார். எதுவும் வரவில்லை. ஒரு சருகுகூடச் சலசலக்கவில்லை. தண்டிக்கக்கூட ஆள் இல்லாத அந்த ராத்திரியில்தான் அவருக்கு அழுகை வந்தது. விடிந்ததும் முதலில் சித்தியிடம் சொல்ல வேண்டும், பிறகு ஆபீசில்... வேலை போனால் போகட்டும். அவன் திருடன் இல்லை என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்.

காலைப் படகில் திரும்பி வீட்டுக்கு நடந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளறை வாசலில் சித்தி உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. மடியில் ஈரத் துண்டு. சித்தப்பா அவள் முன்னால் மண்டியிட்டார்.

"உன் தம்பியை நான்தான்..."

சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும். ராத்திரி பூரா அவனே சொல்லி அழுதான். மெதுவா பேசுங்க, இப்பதான் கண்ணசந்தான். எழுந்ததும் உங்களைத்தான் கேப்பான்."