அப்பா கடைக்குப் போனவன்

– நிஜமாவே எங்கப்பா கடைக்குள்ள போயிட்டியா? யாரைக் கேட்டுடா போன, நெட்டை ஒட்டகமே?

– கேட்டா விட்டிருப்பியா? அதாவது, நம்ம ரெண்டு பேரையும் பஸ் ஸ்டாப்ல உங்க சித்தி பார்த்துட்டாங்கல்ல. அவங்க கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடலாம்னு போனேன்.

– அடிச்சாரா?

– இல்ல. ஒரு ஃபேனைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடியை என் கையில கொடுத்து, பிடின்னார். பிடிச்சுக்கிட்டே சொன்னேன். உங்க பொண்ணும் நானும் ஒரே வகுப்பு, ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சிருக்கு, தப்பா எதுவும் இல்லன்னு.

– அக்கா சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிட்டுப் போனதுலேர்ந்து, அவ பேச்சை எடுத்தாலே தட்டை விட்டு எழுந்திருச்சிடுவார். அந்த மனுஷன்கிட்ட போய் இதைச் சொல்லியிருக்க பாரு.

– அது தெரிஞ்சுதான் போனேன். ஃபேன்லேர்ந்து இன்னொரு ஸ்க்ரூவைக் கழட்டினார். அப்புறம், எங்கம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டார். தெரியும், விளக்குமாத்தைத் தேடுனாங்கன்னேன். லேசா சிரிச்சார்.

– புளுகாத. எங்கப்பா சிரிச்சு எவ்வளவு நாளாச்சு.

– சத்தியமா. அதாவது, முதல்ல படிச்சு முடிங்க, ஆளுக்கொரு வேலை தேடிக்கோங்க, அப்பவும் இதே மனசு இருந்தா சேர்ந்து வந்து கேளுங்கன்னார். அதுவரைக்கும் தெருவுல ஒளிஞ்சு நிக்காத, பேசணும்னா வீட்டுக்கு வந்து எங்க முன்னாடி உட்கார்ந்து பேசுன்னார்.

– அப்பாடா. இரு, இந்தப் படியில கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன். ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? கல்யாணத்தை நினைச்சா எனக்கு இப்பவே பயமா இருக்குடா.

– எனக்கும்தான். படிச்சு முடிங்கன்னு அவர் சொன்னதும் உயிரே வந்துச்சு.

– லூசு. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

– நீ சொன்னியா? சரி, இன்னும் இருக்கு. கிளம்பி வாசலுக்கு வந்தவனைத் திரும்பக் கூப்பிட்டார். அந்தப் பையனும் இப்படி ஒரு தடவை என் முன்னாடி வந்து நின்னிருந்தா, நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்னார்.

– அக்கா வீட்டுக்காரரையா சொன்னார்?

– ஆமா. அவங்க வீடு எங்கன்னு என் சின்னவளுக்குத் தெரியும், அவ போறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுப் போய்ட்டு வர்றான்னார்.

– ஐயோ. அப்புறம்?

– "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, ஆனா தனியா வராத. என் பெரிய பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா"ன்னார்.