நாக்கில் வைத்துப் பார்த்த வண்டி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில், எனக்குப் பின்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பழைய எஸ்யூவி ஒன்றைப் பார்த்துவிட்டு, வாங்காமல் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவர் குறைபட்டுக்கொண்டு வந்தார்.

“வண்டி வாங்கப் போனா இன்ஜினப் பாப்பாங்க, டயரப் பாப்பாங்க. நீ இன்னாடான்னா நக்கிப் பாக்கற. புரோக்கரு மிரண்டுட்டான்.”

“வண்டிய எங்க நக்கினேன்? சீட்டுக்கு அடியில தகட்டத் தடவி, வெரல நாக்குல வெச்சேன். அவ்ளோதான்.”

“நம்ம வூட்டு ஏழு பேரும் ஏறலாம். பின்சீட்ட மடக்கினா வலையக்கூட வெச்சிக்கலாம். நமக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சி.”

“சேலத்து வண்டி, கடலையே பாத்ததில்லன்னு சொன்னான் இல்ல? கரிக்குதுய்யா! கடலோரமா கெடந்த வண்டி அது. அடியில துரு தின்னுக்கினு இருக்கும்.”

கணவர் விடவில்லை.

“நெசமாவே சேலத்து வண்டிய வாங்கினாலும் நம்ம வாசல்லதான நிக்கும்? உப்பு ஏறாதா?”

“ஏறட்டும். அது நாம ஏத்துற உப்பு. எவனோ ஏத்தின உப்ப நாம எதுக்கு வாங்கணும்?”

பேருந்து ஒரு நிறுத்தம் தாண்டியதும் கணவர் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம விழுப்புரத்துல ஒரு வண்டி பாக்கணும். வர்றியா?”

“வர்றேன்.”

“அன்னிக்கிக் காலையில கருவாடு துன்னாம வா.”