கழுவி வைத்த மூளைப் புரதம்

— அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியா? அதக் காலையிலேயே கழுவிட்டேனே, டாக்டரம்மா.

— கழுவிட்டீங்களா... நீங்களேவா, அண்ணே?

— பின்ன? இந்த ஆய்வுக்கூடத்துல குப்பி கழுவ வேற யாரு இருக்கா? சோப்பு போட்டு ஒரு தடவ, வெறும் தண்ணியில மூணு தடவ... பளபளன்னு இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?

— ஐயோ அண்ணே, அதுல புரதம் இருந்துச்சு.

— இல்லியே. வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தானே கழுவுனேன். காலி.

— காலியாத்தான் தெரியும். கண்ணுக்கே தெரியாத அளவு தூள். மனுஷ மூளையில இருக்குற ஏற்பி.

— ஏற்பின்னா?

— மூளை செல்லு மேல உக்காந்துக்கிட்டு சேதி வாங்குற புரதம். புது மருந்து அதுல ஒட்டுதா இல்லியான்னு சோதிக்கத்தான் வாங்குனோம்.

— மனுஷ மூளையா... நான் யாரையாவது கழுவி ஊத்திட்டேனா?

— ஆளெல்லாம் இல்ல. மனுஷ ஜீனைப் பூச்சி செல்லுக்குள்ள வெச்சு வளத்து எடுக்குறது.

— பூச்சிக்குள்ள மனுஷ மூளை... அதுவும் மாசக் கடைசியில சம்பளம் எப்பன்னு கேக்குமோ? சரி சரி, முறைக்காதீங்க.

— சிரிக்கிற விஷயமா இது? ரெண்டு மாசம் காத்திருந்து வந்த குப்பி. மூணு மணிக்கு என் பிஎச்.டி. கைடு மேடம் கேப்பாங்க. மேசையில இருக்குறதத் தொடுறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?

— மூடி தொறந்து கெடந்துச்சு, அதான் கழுவத்தான் போட்டிருக்கீங்கன்னு...

— மூடி கதையெல்லாம் மேடத்துக்கிட்ட வேணாம். கழுவிட்டேன்னு மட்டும் சொல்லுங்க.

— சொல்றேன். அடுத்த மாசம் என் ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும்... இனி எங்க? வீட்டுல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

— ஒரு குப்பிக்காக வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா?

— போன வருசம் தராச ஒடச்சவரு இப்ப எங்க இருக்காரு? விடுங்க. உங்க படிப்புக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நீங்க ஒரு வார்த்த பேச வேணாம், நானே போயி என் தப்புன்னு சொல்லிடறேன்.

— அண்ணே, இருங்க...

— கைய விடுங்க டாக்டரம்மா. தைரியம் இருக்கும்போதே போயிடறேன்.

— நீங்க கழுவுனது காலிக் குப்பிதான், அண்ணே.

— ஆறுதலுக்குச் சொல்றீங்க.

— இல்ல... நேத்து சாயங்காலம் மூடியத் தொறந்தேன். தும்மல் வந்துடுச்சு. மொத்தமும் பறந்துடுச்சு.

— அடிப்பாவி! அப்ப இவ்ளோ நேரம் என்னை எதுக்குத் திட்டுன?

— கழுவிட்டேன்னு சொன்னீங்க பாருங்க... எனக்கு வந்த சந்தோஷம் மூஞ்சியில தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் அண்ணே திட்டுனேன்.