உங்கள் கையை யாரிடம் கொடுத்து வைக்கட்டும்?

திண்டிவனத்தில் எங்கள் மருத்துவமனையின் பகல்நேர அறுவைப் பிரிவிலிருந்து பணிநிறைவு பெறும் மயக்க மருத்துவர் நிலோஃபர் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் உவந்து படைக்கும் பாராட்டு மடல்

வலியை உறங்க வைத்து மனிதரை விழித்திருக்க வைத்த வித்தகரே! ஊசி முனைக்கு முன்னே ஓர் இன்சொல்லை அனுப்பிய அன்பின் உருவே! கோட்டக்குப்பத்துக் கடற்காற்றைக் குரலில் கொண்டுவந்து, திண்டிவனத்து வெயிலில் வெந்து வந்தவர்களையெல்லாம் குளிரச் செய்த குணக்குன்றே! மாண்பமை மருத்துவர் நிலோஃபர் அம்மையீர்! வணக்கம்.

மடலை எழுதும் பொறுப்பு அனஸ்தீசியா டெக்னீஷியன் ஜெகதீசனாகிய என் தலையில் விழுந்தது. சட்டம் போடும் கண்ணாடிக் கடைக்காரர், "சார், ஃபிரேமு இவ்ளோதான் வரும், பாத்து எழுதுங்க" என்று எச்சரித்தே அனுப்பினார். உங்களை ஒரு சட்டத்துக்குள் அடக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்! அடங்கும் வரை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் பணி தொடங்கி, திண்டிவனத்தில் நிறைவு செய்கிறீர்கள். இடையில் எத்தனை கைகளை உறங்க வைத்தீர்கள், எத்தனை கால்களைத் தாலாட்டினீர்கள்! உடம்பு முழுவதையும் மயக்காமல், கழுத்தெலும்பின் அருகே ஸ்கேன் திரையில் நரம்பைத் தேடிக் கண்டு, அந்த ஒரு கையை மட்டும் மரக்கச் செய்யும் கலையில் கைதேர்ந்தவர் நீங்கள். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கலங்கி வந்தவர், அறுவை முடிந்து, இட்லி தின்று, மாலைப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து ஊர் திரும்புவார். கை மட்டும் அவர் மடியில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். "கைக்குச் சூடு தெரியாது, அடுப்புப் பக்கம் போகாதீங்க, அது தானா எழுந்துக்கும்" என்று வாசல் வரை வந்து நீங்கள் சொல்லி அனுப்புவீர்கள்.

அம்மையீர்! உங்கள் அரங்கம் எங்களுக்குக் கனவு போலவே இருந்தது. பச்சைத் துணிகளின் நடுவே ஒரு விளக்கு. இதயத்துடிப்பைச் சொல்லும் மெல்லிய ஓசை. அதற்கும் மெல்லியதாய் உங்கள் பேச்சு. அங்கே நின்று வேலை செய்த எங்களுக்கே கண் சொக்கும். அப்படிப்பட்ட அரங்கிலிருந்துதான் ஒரு நாள் ஒருவர் எழுந்து ஓடப் பார்த்தார்.

அவர் ஒலக்கூரிலிருந்து வந்த சின்னபொண்ணு. மல்லாட்டை என்னும் நிலக்கடலையை உடைக்கும் இயந்திரத்தில் சிக்கி, வலக்கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. அவற்றைப் பிரித்துவிட அறுவை வேண்டும். கடுமையான மூச்சிழுப்பு நோய் இருந்ததால் முழு மயக்கம் ஆபத்து. கையை மட்டும் மரக்கச் செய்வதே வழி. ஆனால் ஊசியைக் கண்டதும் மேசையிலிருந்து இறங்கிவிட்டார்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் மரத்துப்போற ஊசி போட்டாங்க. அப்பால பாத்தா காலு இல்ல. கோணலா இருந்தாலும் எங்கையி எனக்கு வேணும் டாக்டரம்மா. அவரு எழுந்து நிக்கணும்னா இதத்தான் புடிக்கணும். நான் போறேன்" என்றார்.

சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த அவர் கணவர் துரைக்கண்ணு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார். மனைவியின் இடக்கை ஊன்றுகோலையும் பையையும் சுமக்கும்; வலக்கையைப் பற்றித்தான் அவர் எழுவார். விரல்கள் மடங்கிய நாளிலிருந்து அந்தப் பிடி வழுக்கியது. இருமுறை விழுந்தும் இருந்தார். அறுவை நடக்காவிட்டால் அந்தக் கை இனி அவரைத் தூக்காது. நடந்தால் கையே போய்விடும் என்று சின்னபொண்ணு நம்பினார். எங்கள் அறுவை மருத்துவர் திருமுருகனோ, "மேடம், ஜல்தி, அடுத்த கேஸ் காத்துக்கினு இருக்கு" என்று கதவருகே தவித்தார்.

நீங்கள் அவசரப்படவில்லை. "உங்க கை எங்கயும் போகாது சின்னபொண்ணு. அது தூங்கி எழுந்துக்கிற வரைக்கும் யார்கிட்ட குடுத்து வைக்கட்டும், சொல்லுங்க" என்று கேட்டீர்கள்.

சின்னபொண்ணு கதவுக்கு வெளியே, கணவர் இருந்த பக்கம் பார்த்தார். உங்களுக்குப் புரிந்துவிட்டது. சிறிது நேரத்தில் துரைக்கண்ணு பச்சை அங்கியும் முகமூடியும் அணிந்து, சக்கர நாற்காலியில் அரங்குக்குள் வந்தார். மனைவியின் வலக்கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். நீங்கள் ஊசி போட்டீர்கள். கை மெல்ல மெல்லக் கனத்து, கதகதத்து, உறங்கிப்போனது. பிறகு துரைக்கண்ணுவைச் சத்தமில்லாமல் வெளியே அழைத்துச் சென்றோம், திரை விழுந்தது, அறுவை நடந்தது.

மரக்கும் நேரத்தில் கை எங்கே இருந்ததோ அங்கேயே இன்னும் இருப்பதாகப் பலருக்கு ஓர் உணர்வு தங்கிவிடும் என்பதை நீங்கள் அறிந்திருந்தீர்கள். நாங்கள் அன்றுதான் கண்டோம். கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்ததும், வெகுதூரத்தில் பெஞ்சில் சாய்ந்திருந்த கணவரைப் பார்த்துச் சின்னபொண்ணு சத்தம் போட்டார். "இன்னும் உடாம புடிச்சிக்கினே இருக்கியே, உடுய்யா, எல்லாரும் பாக்குறாங்க!"

சிரித்துவிட்டு எல்லோரும் அழுதோம். திருமுருகன் மட்டும் கண்ணில் தூசி என்றார்.

அன்று முதல் அது எங்கள் அரங்கின் வழக்கமானது. ஊசிக்கு முன் ஒவ்வொருவரையும் கேட்டோம். ஒருவர் மகளின் கையைக் கேட்டார். மாடு வைத்திருந்தவர் கன்றின் கழுத்தில் வைப்பது போலத் தலையணையில் கையை வைத்துக்கொண்டார். யாருமில்லாமல் வந்தவர்களின் கையை நீங்களே பற்றிக்கொண்டீர்கள். எங்கள் செவிலியர் கலைமதி ஒருமுறை அவசரத்தில், ஷேக் தாவூத் பாயின் கையை மருந்திட்டுத் துடைக்கத் தூக்கிப் பிடித்தவர், அப்படியே மரக்க விட்டுவிட்டார். கை நெஞ்சோடு கட்டியிருக்க, வீட்டுக்குப் புறப்பட்ட பாய் வாசற்படியில் நின்றுவிட்டார். "சிஸ்டர், கை மேல நிக்குது, நிலையில இடிச்சுக்கும்" என்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். நீங்கள் சிரிக்கவில்லை. அவருக்கு முன்னே சென்று, நீங்களும் குனிந்து, "இப்படி வாங்க பாய், இடிக்காது" என்று அழைத்துப் போனீர்கள். கலைமதியை இன்றுவரை நாங்கள் விட்டபாடில்லை.

இவ்விழாவுக்கு அழைக்க நானும் கலைமதியும் ஒலக்கூர் சென்றோம். எங்களைக் கண்டதும் துரைக்கண்ணு எழுந்து நின்றார். அவர் பற்றி எழுந்தது அந்த வலக்கையைத்தான். விரல்கள் அவர் மணிக்கட்டைச் சுற்றி நன்றாக மூடியிருந்தன. "டாக்டரம்மா போறாங்களாமே, வராம இருப்போமா! அன்னைக்கு எங்கையி தூங்கிடுச்சு. முழிச்சிக்கினு இருக்கிறப்ப அவங்க கைய ஒருவாட்டி புடிக்கணும்" என்றார் சின்னபொண்ணு.

அன்பு சால் அம்மையீர்! நலமும் நீள்வாழ்வும் நாளும் பெருக, கோட்டக்குப்பத்துக் கரையில் காலை நனைத்து, அலாரம் இல்லாத காலைகளை ஆசை தீர அனுபவியுங்கள். பிறரை உறங்க வைத்த கண்கள் இனியாவது நன்றாக உறங்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாலையும் சால்வையும் முடிந்தபின், முதலில் சின்னபொண்ணு கையிலும், பிறகு எங்கள் ஒவ்வொருவர் கையிலும் உங்கள் கையைச் சற்று நேரம் வையுங்கள். நாளை அரங்கில் விளக்கு எரியும், நீங்கள் இருக்கமாட்டீர்கள். மேசையில் கிடப்பவரிடம் உங்கள் கேள்வியை நாங்கள் கேட்போம். அப்போது எங்கள் கையை நீங்கள் விட்டுவிட்டது எங்களுக்குத் தெரியாது.

என்றும் உங்கள்,
பகல்நேர அறுவைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்
திண்டிவனம்