ஈரப் பனியன்

அன்று மாலை, மலைமேல் நடைப்பயணிகள் தங்கும் கல்வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். வழியில் பழக்கமான அக்கா தங்கை இருவர், இரண்டு பேருமே ஆசிரியைகள். ஐந்தாவதாக யாரும் இல்லை. நீங்கள் தேட வேண்டாம்.

மலை நடைக்குக் காலணியைவிடப் பனியன் முக்கியம். பலருக்கு இது தெரியாது. காலணிக் கடையில் அரை நாள் செலவழிப்பார்கள். உள்ளே போட்டிருக்கிற பருத்திப் பனியனை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். பருத்தி வியர்வையைக் குடிக்கும், திருப்பித் தராது. நடக்கிறவரை ஒன்றும் தெரியாது. நின்றால்தான் தெரியும்.

இதை நான் கிடங்கில் கற்றேன். உறைந்த இறைச்சிப் பெட்டிகளை அடுக்கும் குளிர்பதனக் கிடங்கு, இரவு வேலை. எங்கள் மேற்பார்வையாளர் ஒவ்வொருவன் கழுத்துக்குப் பின்னாலும் சட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டுப்பட்டால், "போய் மாத்திட்டு வாடா. உன்னைத் தூக்கிட்டுப் போக எனக்கு இடுப்பு வலிக்கும்" என்பார். நடுங்குகிறவனைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார். நடுக்கம் நின்றவனைத்தான் அள்ளிக்கொண்டு ஓடுவார். கிடங்குக் கதவை உள்ளேயிருந்தும் திறக்கலாம், வெளியேயிருந்தும் திறக்கலாம். அதில் அவர் கறாராக இருந்தார்.

அந்த வேலையை விட்டேன். காரணம் குளிர் இல்லை. மச்சான்தான்.

தன் மனைவி தன்னை விட்டுப் போன பிறகு, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தவர். மூன்று வருடம் இருந்தார். நான் விடியற்காலையில் வந்து படுப்பேன். அவர் எழுந்து முகம் கழுவும் தொட்டியில் தொண்டையைக் காறுவார். குடலையே வெளியே எடுத்துப் பார்க்கிறவர் மாதிரி, பொறுமையாக. பிறகு என் துண்டில் முகம் துடைத்து அதை என் கட்டில் விளிம்பில் போடுவார். வெட்டிய நகத்தைச் சோபாவின் கைப்பிடியில் குவித்து வைப்பார். நக்கிய கரண்டியை மறுபடி பாத்திரத்துக்குள் விடுவார். எல்லாரும் அதிலிருந்துதான் சாப்பிட்டோம். என் மனைவியிடம் சொன்னால், "அண்ணன்தானே, விடுங்க" என்பாள். எனக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று. ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

"என்ன வவ்வால் மாப்பிள்ளை, பகல்ல கண்ணு தெரியுதா?" என்று தினமும் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அவருக்கு அந்த நகைச்சுவை அலுக்கவே இல்லை.

கெட்ட மனிதர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டார். எந்தக் கையால் போட்டார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் போனதும் சோப்புப் போட்டு நெற்றியைக் கழுவினேன்.

என்னை நடக்கச் சொன்னது மருத்துவர். மச்சானையும் மலைக்கு அழைத்துப் போகச் சொன்னது என் மனைவி. "அண்ணன் வெளியூர் போய் எவ்வளவு நாளாச்சு. நீங்கதான் பாத்துக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். திட்டம் போடுவதை என்னிடமே விட்டார்கள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துப் பல நாட்கள் உட்கார்ந்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை பிடித்திருந்தது.

வேகத்துக்கு ஒரே விதிதான். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம். மெதுவாக நடக்கிறவர் முன்னால் போக வேண்டும். நான் முன்னால் போனேன். ஒரு வளைவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் காத்திருப்பேன். மச்சான் இரைக்க இரைக்க வந்து சேர்வார். வந்ததும் நான் எழுந்துவிடுவேன். "வாங்க மச்சான், இருட்டுறதுக்குள்ள போகணும்." ஓய்வெடுத்தது நான். அவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை. நாள் முழுக்க, ஒவ்வொரு நாளும். இதில் எது குற்றம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முன்னால் நடப்பதற்குத் தண்டனை உண்டா?

உடை விஷயத்தில் விதி இன்னும் எளிது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் வியர்க்காது. நான் அவரைத் தடித்த மேலங்கியோடு கிளம்ப வைத்தேன். "சளி பிடிச்சா உங்க தங்கச்சிக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றேன். காலரைப் பிடித்து நானே கழுத்துவரை பூட்டிவிட்டேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"எங்க மாப்பிள்ளை குளிருக்குள்ளேயே வேலை பாத்தவரு, டீச்சர்," என்று வழியில் அந்த ஆசிரியைகளிடம் பெருமையாகச் சொன்னார். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"குடுத்து வச்சவர் சார் நீங்க," என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரர் மாடிப்படி ஏறவே துணைக்கு ஆள் கேப்பாரு."

மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார். இருமியதைக் கையில் பிடித்து மேலங்கியில் துடைத்தார்.

நீங்கள் முதலில் கேட்டது பனியனைப் பற்றி. அவருடைய கம்பளிப் பனியன் என் உடம்பில் ஏன் இருந்தது என்று. அவருக்காக என் மனைவி இரண்டு வாங்கினாள். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். சுமையைக் குறைக்கிறேன் என்று அவருடைய பையிலிருந்து இரண்டையும் எடுத்தேன். ஒன்றை வீட்டில் வைத்தேன், ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பதிலுக்குப் பருத்திப் பனியன்கள் வைத்தேன். புதிது, துவைத்து மடித்தது. அவர் உடம்பில் பட்டதை நான் போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிரிக்காத பனியன்.

கடைசி ஏற்றத்தில் மழைத் தூறல் பனியாக மாறியது. நான் கல்வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டி சூப்பு வைத்தேன். ஆசிரியைகள் குடித்துவிட்டு, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று மேல் பரணுக்கு ஏறிப் படுத்துவிட்டார்கள். இரவில் காதில் எதுவும் விழவில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தால் நம்புங்கள். மச்சான் வெளியே நின்று கதவை விரல் நுனியால்தான் தட்டினார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதாம். மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் சத்தம் போடாமல் இருந்தார்.

அதற்கு முன் நடந்தது இவ்வளவுதான்.

வெளிச்சம் மங்கும்போது வந்து சேர்ந்தார். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் மேலிருந்து ஆவி எழும்பியது. ஊறப்போட்டு மறந்துபோன துணியின் நாற்றம். கை நடுங்கியதில் சூப்பில் பாதி மோவாயில் வழிந்தது. உறிஞ்சினார். சட்டைக் கையால் மோவாயைத் துடைத்தார், அதே கையால் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார், மீதியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க குடிங்க மாப்பிள்ளை. சூடா இருக்கு. எனக்காகத்தானே காத்துக்கிட்டு இருந்தீங்க."

கோப்பைக்குள் ஏதோ மிதந்தது. வாங்கிக் கீழே வைத்தேன். அவர் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். பிழிந்தால் வழியும். என் கையைச் சுவரில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு குழறியது. நடுக்கம் நின்றது. குளிரே இல்லை என்றார்.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்போது தெரியும். என் பையில் காய்ந்த துணி இருந்தது. என் உடம்பில் அவருடைய பனியன் இருந்தது.

"வெளியில கொடி கட்டியிருக்கு மச்சான். நனைஞ்சதை எல்லாம் கழட்டிப் பிழிஞ்சு போட்டுட்டு வாங்க. நான் மாத்துத் துணி எடுத்து வைக்கிறேன்."

அவர் உடனே எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். என் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. நான் செய்தது கொலை என்கிறீர்கள். நான் நாற்றத்தைத்தான் வெளியே அனுப்பினேன். அது அவரோடு சேர்ந்து போயிற்று.

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கதவைச் சாத்திக்கோங்க மாப்பிள்ளை. குளிர் உள்ள வந்துரும், டீச்சருங்க தூங்குறாங்க."

அவர் சொன்னபடியே சாத்தினேன். பிறகு தாழ்ப்பாளைப் போட்டேன்.