ஹெல்சிங்கி வழியாகச் சூரிச்

விமானத்தில் ஜன்னலோர இருக்கையை நான் எப்போதும் கூட வருபவருக்கே விட்டுக்கொடுப்பவன். வெளியே பார்க்க அவர்களுக்கு ஆசை இருக்கும், எனக்கு முகில் பார்த்து அலுத்துப் போயிற்று. உன் அப்பாவுக்கும் அப்படித்தான் கொடுத்தேன், கோசிகா. சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், உன் வீட்டுக் குசினியில் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "மாமா, அப்பா லாஸ்டா என்ன சொன்னவர்? நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள்" என்று கேட்டாய். கஷ்டப்படாமல் நித்திரையாகப் போனார் என்று சொன்னேன். பொய் எனக்கு ஒத்துவராது. முப்பத்திரண்டு வருடமாக நோர்பரியில் பாமசி வைத்திருக்கிறேன், ஒரு குளிசை கூட்டியோ குறைத்தோ கொடுத்தவன் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். உனக்குத் தாயும் இல்லை, இப்போது தகப்பனும் இல்லை. கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் தங்க அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பாய்.

விமானக் கம்பெனிக்காரன் நாம் பறக்கிற ஒவ்வொரு பறப்புக்கும் புள்ளி போடுகிறான். தூரத்தைப் பார்த்து அல்ல, எத்தனை தரம் ஏறி இறங்கினாய் என்று பார்த்து. பிஸ்னஸ் வகுப்பில் ஐரோப்பாவுக்குள் ஒரு தரம் ஏறி இறங்கினால் நாற்பது புள்ளி. லண்டனில் இருந்து சூரிச்சுக்கு நேரே போனால் ஒன்றரை மணித்தியாலம், நாற்பது புள்ளி. அதையே ஹெல்சிங்கிக்குப் போய், அங்கே விமானம் மாறி, வந்த பக்கமே கிட்டத்தட்ட அதே தூரம் திரும்பிப் பறந்து சூரிச்சில் இறங்கினால் எண்பது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். ஆனால் அப்படித் தொட்டால் மூக்குக்கு இரட்டிப்பு மதிப்பு. உன் மாமி துசியந்திக்கு இதைப் பத்துத் தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். "உங்களுக்கு விசர்" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

அந்த வகுப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஒன்றுமில்லை. பின்னால் இருப்பவனுக்கும் அதே இருக்கைதான், முழங்கால் இடிக்கிற அதே இடைவெளிதான். நடு இருக்கையில் ஆளை ஏற்றாமல் சின்ன மேசை ஒன்றை விரித்து வைத்திருப்பார்கள். பீங்கான் கோப்பை, துணி நாப்கின். பிறகு ஒரு திரைச்சீலை. அந்தத் திரையைப் பின்னால் இழுத்து மூடும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதற்குத்தான் காசு.

போன வருடம் ஹீத்ரோவில் தங்க அட்டைக்காரர் இருக்கிற லவுஞ்ச் வாசலில் நின்ற பெட்டை என் வெள்ளி அட்டையைப் பார்த்துவிட்டு, "மற்றப் பக்கம், சேர்" என்றாள். உள்ளே சவுத்தாலில் இருக்கும் சுப்பிரமணியன், சென்னையில் இருந்து நேற்று வந்த கம்ப்யூட்டர்காரன், கையில் கிளாஸோடு நின்றான். என்னைக் கண்டதும், "அடடே, சார்! உங்களுக்கு இந்தப் பக்கம் கிடையாதா? பரவாயில்ல, அங்கயும் சூப் நல்லாத்தான் இருக்கும்" என்றான். நல்ல மனிதன், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அந்த ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த மார்ச் கடைசிக் கிழமையில் தங்க அட்டைக்கு என்னிடம் நூற்றறுபது புள்ளி குறைவாக இருந்தது. முப்பத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு வருடம் முடிந்து எல்லாம் பூச்சியத்துக்குப் போய்விடும். அப்போது பார்த்துத்தான் சூரிச்சில் மாமியின் தங்கை சந்திரவதனாவின் மகள் மிதுஷா பெரியபிள்ளையான சாமத்தியவீடு வந்தது. சனிக்கிழமை விழா, பல்லக்கு ஜெர்மனியில் இருந்து வேனில் வருகிறது, பிள்ளை மேடைக்குப் புகைக்குள்ளால் வரப்போகிறாள் என்றெல்லாம் சந்திரவதனா போனில் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒரு துண்டில் கூட்டிப் பார்த்தேன். போக எண்பது, வர எண்பது. பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நீயும் மாமியும் சீலைகளோடு புதன்கிழமையே நேர் விமானத்தில் போய்விட்டீர்கள். உன் அப்பா தாய்மாமன். தேங்காய் உடைக்க, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க அவர் வேண்டும். "அண்ணையைத் தனிய விடாதேங்கோ, உங்களோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று மாமி சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கும் ஹெல்சிங்கி வழியாகவே பதிந்தேன். பிஸ்னஸ் வகுப்பில், என் செலவில். இதை நீ மறந்துவிடக் கூடாது.

வெள்ளி காலை ஹீத்ரோவில், மற்றப் பக்க லவுஞ்சில்தான், உன் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்கிற மாதிரிக் கிடக்கு."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"உழுந்து வடை ரெண்டு."

"பிறகென்ன. வாய்வு."

எங்கள் ஆட்களுக்கு வருத்தம் என்றால் இரண்டே இரண்டுதான், ஒன்று தடிமன், மற்றது வாய்வு. நெஞ்சில் குத்தினாலும் வாய்வு, முதுகில் பிடித்தாலும் வாய்வு. நோர்பரியில் முந்நூறு தமிழ்க் குடும்பம் டொக்டரிடம் போகமுன் என்னிடம் வரும். அவர்கள் வாய்வு என்று வந்து நிற்க, முகத்தைப் பார்த்தே நான் அம்புலன்ஸ் கூப்பிட்டு அனுப்பியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். அதனால் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது அது வாய்வு இல்லை என்று எனக்குத் தெரியும். சாம்பல் பூத்த நிறம். மேலுதட்டில் வியர்வை. இடது கையை மடக்கி மடக்கி நீட்டினார்.

வாய்வுக்குள்ள மருந்தைக் கொடுத்தேன். என் பையில் அஸ்பிரினும் இருந்தது, நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரேயும் இருந்தது. நான் அவை இல்லாமல் வீட்டுப் படி இறங்குவதில்லை. ஆனால் யோசித்துப் பார். அஸ்பிரின் கொடுத்தால் அது மாரடைப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாரடைப்பு என்று தெரிந்த ஒருவரை விமானத்தில் ஏற்றுவது பொறுப்பில்லாத வேலை. நான் பொறுப்புள்ளவன். ஆகவே கொடுக்கவில்லை.

முதல் பறப்பு நன்றாகத்தான் போனது. வெட்டிய பழமும் சுட்ட மீனும் வந்தன. அவர் ஷாம்பெயினை மணந்து பார்த்து, "இதுக்கோ மச்சான் இவ்வளவு எடுப்பு?" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பணிப்பெண் குனிந்து, இவருக்குச் சுகமில்லையோ என்று கேட்டபோது, பறக்கப் பயம் என்றேன். நான் நடைபாதைப் பக்கம், அவர் ஜன்னல் பக்கம், நடுவில் மேசை. அவள் என்னைத் தாண்டித்தான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹெல்சிங்கியில் எங்களுக்கு இருந்தது ஐம்பத்தைந்து நிமிடம். இறங்கி நீண்ட நடை, பிறகு பாஸ்போர்ட் வரிசை, பிறகு இன்னும் நடை. வரிசைக்கு முன்னாலேயே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மஞ்சள் அங்கி போட்ட ஒரு பின்லாந்துப் பொம்பிளை ஓடி வந்து கதிரை கொண்டுவந்து இருத்தினாள். டொக்டரைக் கூப்பிடட்டா, இங்கேயே இருக்கிறார், ஐந்து நிமிடத்தில் வருவார் என்றாள். ஐந்து நிமிடம். அவள் கை வோக்கிடோக்கியில் இருந்தது. உன் அப்பாவுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும், ஸ்ட்ரெதமில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர். ஆனால் அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான், கூப்பிடச் சொல்லட்டே?"

கோசிகா, இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் அவரை வற்புறுத்தவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.

"கூப்பிட்டா விடமாட்டினம், ஆஸ்பத்திரியில படுக்கவைச்சிடுவினம். நாளைக்குப் பிள்ளைக்கு ஆர் தண்ணி வார்க்கிறது? தாய்மாமன் இல்லாமல் சபையில சந்திரவதனா என்னெண்டு தலை நிமிர்த்துறது?"

அவர் தலையாட்டினார். "ஓம், அதுவும் சரிதான். நீர் சொன்னாச் சரி" என்றார். அந்தப் பொம்பிளையிடம் சிரித்துக்கொண்டு, வெறும் வாய்வு என்று ஆங்கிலத்தில் அவரே சொன்னார். அவள் நம்பவில்லை. சக்கர நாற்காலி ஒன்று பிடித்து வாசல்வரை தானே தள்ளிக்கொண்டு வந்தாள். அதனால்தான் இணைப்பு விமானத்தைப் பிடித்தோம். நடந்திருந்தால் தவறவிட்டிருப்போம்.

இரண்டாவது விமானத்திலும் ஜன்னலைக் கொடுத்தேன். ஏறி அரை மணித்தியாலத்தில் அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். நீ கேட்ட கடைசி வார்த்தை இதுதான்.

"மச்சான், வாய்வெண்டா இப்பிடியே நோகும்?"

"ஓம்" என்றேன்.

பிறகு அவர் பேசவில்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இருந்தது. மெல்லிசாக, இடையிடையே விட்டு விட்டு, ஆனால் இருந்தது. தலைக்கு மேலே அழைப்புப் பொத்தான். அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டொக்டர் யாரும் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நெஞ்சில் வைக்கிற மெசின் முன் அலுமாரியில் இருந்தது, என் இருக்கையில் இருந்தே அதன் அடையாளம் தெரிந்தது. விமானத்தை வார்சோவில் இறக்குவார்கள். வார்சோவில் இறங்கினால் அந்தப் பறப்பு முடிந்ததாகக் கணக்கில்லை. நாற்பது புள்ளி போகும். அவரோடு ஆஸ்பத்திரியில் நின்றால் ஞாயிற்றுக்கிழமைத் திரும்பலும் போகும், அது எண்பது. இதையெல்லாம் நான் பதற்றமில்லாமல் யோசித்தேன். பதறுகிறவன் பாமசி நடத்த முடியாது.

நாடி நாற்பது நிமிடம் இருந்தது. நான் விரலை எடுக்கவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நீ ஆறுதல் கொள்ளலாம்.

சாப்பாடு வந்தபோது அவருடையதையும் வாங்கி நடு மேசையில் வைத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கோழி. கொஞ்சம் உப்புக் குறைவு. இறங்க முன் இருக்கையை நிமிர்த்தச் சொல்லி வந்த பையனிடம், நித்திரை, நானே நிமிர்த்துகிறேன் என்றேன். சக்கரம் சூரிச்சில் தரையைத் தொட்டு, விமானம் நின்று, கதவு திறந்த பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். நான் அழுதேன். அது நடிப்பில்லை. அவர் எனக்கு இருபத்தெட்டு வருட மச்சான்.

வெளியே நீ பூங்கொத்தோடு நின்றாய். அதைப்பற்றி நான் எழுதப் போவதில்லை.

சாவுத் துடக்கு என்று சாமத்தியவீட்டை நிறுத்தினார்கள். பல்லக்கு வந்த வேனிலேயே திரும்பிப் போனது. நீயும் மாமியும் ஆஸ்பத்திரிப் பேப்பர்களோடு அலைந்துகொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் லண்டன் திரும்பினேன். பாமசிக்கு ஆளில்லை என்று சொன்னேன். ஹெல்சிங்கி வழியாகத்தான். வாசலில் அதே மஞ்சள் அங்கிப் பொம்பிளை நின்றாள். என்னை அடையாளம் கண்டு, உங்கள் நண்பர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நலம் என்றேன். அவள் மனதை ஏன் நோகடிக்க வேண்டும்?

அட்டை செத்தவீட்டுக்கு மறுநாள் தபாலில் வந்தது. உண்மையில் தங்க நிறம்கூட இல்லை, மஞ்சள்.

உன் அப்பாவை நான் கொன்றேன் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. அஸ்பிரின் இருந்தது, ஸ்பிரே இருந்தது, ஐந்து நிமிடத்தில் டொக்டர் இருந்தார், நாற்பது நிமிடம் நாடி இருந்தது. ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டே விட்டேன். அவருக்கு அது வாய்வு என்று சொன்னதும் நான்தான். இதோ, எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் மனிதனுக்கு அழகு.

நாளைக்குத் தபாலில் போட்டுவிடுவேன். உனக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 'ஈ'யோடு நின்றவள் நீ. என் கிறுக்கல் எழுத்தை உன் போனாலும் வாசிக்க முடியாது. கோயில் நோட்டீஸ் வந்தாலும், கலியாணக் காட் வந்தாலும் நீ என்னிடம்தான் எடுத்துக்கொண்டு ஓடிவருவாய். இதையும் கொண்டு வா, பிள்ளை. பக்கத்தில் இருத்தி ஆறுதலாக வாசித்துக் காட்டுகிறேன். நான் வாசிக்கிற முதல் வரியிலேயே அப்பா உன் பெயரைத்தான் சொல்கிறார்.