மூளையுள்ள போன் கேட்ட டயல்டோன் அக்கா

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, தொலைபேசிப் பிரிவுத் தோழர்களே, அக்காவின் கணவரே, மகளே! வணக்கம்.

அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். பின்னால் தொங்கும் பேனரைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. ‘நிர்வாகத்தின் கனவை நனவாக்கிய ஊழியர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கனவு ஐயா அது?

மூத்த பொறியாளர் என்பது அவருடைய பதவி. ஆனால் எந்த அறைக்குப் போனாலும் முதலில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டயல்டோன் வருகிறதா என்று பார்ப்பார். அதனால் இந்த மருத்துவமனைக்கே அவர் டயல்டோன் அக்கா!

இணையத் தொலைபேசிக்கு மாற முடிவெடுத்தபோது, கருவிகள் தமக்குள் அழைப்பைப் பேசி முடிக்கும் முறைகள் இரண்டு நம் முன் இருந்தன. ஒன்று எம்.ஜி.சி.பி., மற்றது சிப். அக்கா இரண்டையும் ஓடவிட்டு, வெளி மையத்துக்குப் போகும் கேபிளைத் தன் கையாலேயே பிடுங்கிப் பார்த்தார். கூட்டத்தில் ஒளிக்காமல் சொன்னார்.

“சார், எம்.ஜி.சி.பி.ல எல்லாத்தையும் ஒரே இடத்துலேர்ந்து பாத்துக்கலாம், அது வசதிதான். ஆனா போனுக்குச் சொந்த மூளை கிடையாது. வெளியில இருக்குற சென்டரோட லைன் போச்சுன்னா பக்கத்து ரூமுக்குக்கூட பேச முடியாது. சிப்ல போனே யோசிக்கும். கட்டடத்துக்குள்ள சின்னதா ஒரு சர்வர் இருந்தா போதும், பேசிக்கிட்டே இருக்கலாம்.”

“கேபிள் எதுக்கும்மா அறுபடப் போகுது?” என்றார் ஒருவர். அறையே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இதோ இந்த மேடையில்!

எம்.ஜி.சி.பி. வந்தது. சாலை தோண்டியவர்கள் கேபிளை அறுத்தார்கள். குழந்தைகள் பிரிவில் ஒரு பிஞ்சுக்கு மூச்சுத் திணறியது. செவிலியர் எந்த எண்ணை அழுத்தியும் போன் ஊமை. படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, டாக்டரைத் தேடி ஓடினார். டாக்டருடன் திரும்பி வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

பிறகு கேட்டீர்களே, “ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்று! நா கூசவில்லையா?

“சொன்னேன் சார். நீங்க சிரிச்சீங்க.”

அதற்குப் பரிசு, கோடவுனுக்கு இடமாற்றம்! அக்கா முடங்கினாரா? பரிசோதனைக்கு வாங்கி அங்கே தூசி படிந்து கிடந்த சிப் போன்களையும் சின்ன சர்வரையும் துடைத்தெடுத்து, குழந்தைகள் பிரிவில் தானே மாட்டினார். கழற்ற ஆள் அனுப்பினீர்கள். வாசலில் நின்றார் தலைமைச் செவிலியர்.

“கழட்டணும்னா என்னைத் தள்ளிட்டுப் போங்க.”

வந்தவர்கள் திரும்பினார்கள். மற்ற வார்டுகளும் கேட்டன. வேறு வழியின்றி மருத்துவமனை முழுவதும் மாற்றினீர்கள். திறப்பு விழாவுக்கு அக்காவை அழைத்தீர்களா? இல்லை! “கோபம் வரலையாக்கா?” என்று கேட்டேன். “வருது. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? எக்ஸ்ரே ரூம் போன்ல எக்கோ கேக்குது, வா” என்றார். போன வாரம் மாரடைப்பு அவரை வாரிக்கொண்டு போய்விட்டது.

இப்போது புதிய கட்டடத்துக்கு மறுபடியும் அந்த மூளையில்லாத போன்களையே வாங்கப் போகிறீர்களாம். தலைவர் அவர்களே, அக்காவின் மகள் முன்னால் சொல்கிறேன். முதல் நோயாளி அங்கே படுக்கும் முன், வெளி இணைப்பைத் துண்டித்துவிட்டு, வார்டிலிருந்து அறுவை அரங்குக்குப் பேசிக் காட்டுங்கள். பேசினால் எங்கள் பிரிவு ஒப்புதல் கையெழுத்துப் போடும். பேசாவிட்டால், நீங்கள் அந்தக் கையெழுத்தைக் கேட்டு வரும் நாளில் எங்கள் பிரிவு முழுவதும் எழுந்து நிற்கும். ஒரு கைகூடப் பேனாவைத் தொடாது!